தணிகாசலத்தின் பேட்ஜ்

கோரிமேட்டில் சீட்டு எழுதும் பெண்
தலை நிமிராமல் கேட்டாள்.
பீடி, சிகரெட்? இல்லை.
வெற்றிலை, புகையிலை? இல்லை.
குடும்பத்தில் யாருக்காவது? இல்லை.
கதிர்வீச்சு படுகிற வேலை ஏதும்?
அதற்கு மட்டும் நிமிர்ந்தாள். என் தோட்டைப் பார்த்தாள்.
'இல்லை' என்று அவளே போட்டுக்கொண்டாள்.
நானும் மறுக்கவில்லை.
ஏர்ஹோஸ்டஸ் என்றால் ஊருக்கு
லிப்ஸ்டிக்தான் ஞாபகம் வரும்.

இருபத்து மூன்று வருடம்
முப்பத்தெட்டாயிரம் அடியில் தக்காளி ஜூஸ் ஊற்றினேன்.
நியூயார்க் போகிற இரவுகளில்
வடதுருவத்தை உரசிக்கொண்டு போகையில்
பச்சையாய் நெளியும் வானத்தைக் காட்டவென்று
தூங்குகிறவர்களை எழுப்பியிருக்கிறேன்.
அங்கே காற்று மெல்லிசு,
மேலேயிருந்து வருவதைத் தடுக்க ஆள் இல்லை என்று
பயிற்சியில் ஒரு வரி வந்தது.
அடுத்த பாடம் புடவை மடிப்பு.

ஆரம்பத்தில் கடைசி ஏழு வரிசை புகைக்கிறவர்களுக்கு.
அவர்கள் விட்டதை நான் இழுத்தேன்.
அதற்கும் சீட்டில் கட்டம் இல்லை.

என் பேட்ச்சில் ஜெசிந்தாவுக்கு வந்தது.
பர்வீனுக்கு வந்தது.
டாக்டரிடம் சொன்னேன்.
'இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.
ஒருத்தரை வைத்துச் சொல்ல முடியாது' என்றார்.
பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

மெஷின் அறையில் தணிகாசலம்,
அரியாங்குப்பத்துப் பையன்,
இடது மார்பில் ஊதா மையால் கோடு சரிபார்க்கிறான்.
'மூச்சை இழுத்துப் பிடிங்க மேடம், அசையாதீங்க.'
தடித்த கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறான்.
எனக்குத் தெரிந்த சட்டம்தான்:
முதலில் உங்கள் முகமூடி.
பிறகே அடுத்தவருக்கு.

பத்தாவது நாள் கேட்டேன்,
பாக்கெட்டில் அது என்ன தம்பி?
'எங்க மேல எவ்வளவு பட்டிருக்குன்னு எண்ணுது மேடம்.
மூணு மாசத்துக்கு ஒருக்கா அனுப்பிருவோம்.
இந்தத் தடவ ஒண்ணுமே இல்ல!'
மார்க் ஷீட் காட்டுகிற முகம்.

என் மார்பிலும் ஒரு பேட்ஜ் இருந்தது,
அதே இடது பக்கம்.
இரண்டு இறக்கை, தங்க முலாம்.
அது எதையும் எண்ணவில்லை.

முத்தியால்பேட்டை வீட்டில்
பரண் பெட்டியிலிருந்து லாக் புக்கை எடுத்து
விடிய விடியக் கூட்டினேன்.
இரண்டு தடவை தப்பாக வந்தது.
பதினாறாயிரத்துச் சொச்சம் மணி.
துருவத்து இரவுகளைத் தனியாக எழுதினேன்.

காலையில் வரிசையில் நின்று
சீட்டை நீட்டினேன். திருத்த வேண்டும் என்றேன்.
'எங்க எழுதறது மேடம், கட்டம் சின்னது.'

பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.
திருப்பிக் கொடுத்தேன்.