திருத்தக் கோடு

எங்கள் பக்கம் சாலைக்கு வளையத் தெரியாது.
மைலுக்கு ஒன்றாய், கட்டம் போட்ட நோட்டுபோல்.
வடக்கு டகோட்டாவில் ஸ்டீயரிங்கை
முழங்காலால் பிடித்துக்கொண்டே சாண்ட்விச் தின்னலாம்.
ஆனால் பூமி உருண்டையாயிற்றே.
வடக்கே போகப் போகக் கோடுகள் நெருங்குகின்றன.
நிலம் அளக்க வந்தவர்கள்
இருபத்துநாலு மைலுக்கு ஒரு தடவை
சங்கிலியைக் கீழே போட்டுத் தலையைச் சொறிந்து
சாலையை ஒடித்து வைத்தார்கள்:
இடப்பக்கம் ஒரு திருப்பம், உடனே வலப்பக்கம் ஒன்று.
திருத்தக் கோடு என்று அதற்குப் பேர்.

அங்கேதான் என் பிக்கப் யோசித்தது.

மிதிக்கிறேன். ஒன்றுமில்லை.
பின்னால் பதினாறு தேனீப்பெட்டி,
எதிரே பீட் கிழங்கு ஏற்றிய லாரி,
அதன் டிரைவரின் தொப்பி நிறம்வரை தெரிகிறது.
அப்புறம் பாய்கிறது வண்டி,
முதல் தடவை கூப்பிட்டது காதில் விழாதவன்
இரண்டாம் தடவைக்கு விழுந்தடித்து வருவதுபோல்.

மூன்று வாரம் நானே வைத்தியம் பார்த்தேன்.
பெட்ரோல் ஃபில்டர் மாற்றினேன்.
த்ராட்டில் வாயைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன்,
கரி கரியாய் வந்தது, மனசுக்கு நிறைவாயிருந்தது,
வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.
பெடல் சென்சார் புதிதாய்ப் போட்டேன், இருநூற்று நாற்பது டாலர்.

தானியக் கிடங்குக்குப் பின்னால்
ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் லவான் ஹாகன்
பானெட்டைத் திறக்கவேயில்லை.
"எந்தப் பக்கம் திரும்பும்போது?"

எனக்குத் தெரியவில்லை.
மூன்று வாரம் செத்துப் பிழைத்திருக்கிறேன்,
எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை.

பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள், கண்ணை மூடிக்கொண்டாள்.
காலி மைதானத்தில் சுற்றினோம்.
வலது. வெண்ணெய்.
இடது. ம்.
இன்னொரு இடது. ம்.
டாங்க் காலாய்க் கிடக்கிறதே,
பெட்ரோல் ஒதுங்குகிறதோ என்று நிரப்பச் சொன்னாள்.
தொண்ணூற்றொரு டாலர். இடது. ம்.
"சரி, அது இல்லை" என்றாள்,
என் காசைப் பற்றி வேறு ஒன்றும் சொல்லாமல்.

பிறகுதான் பானெட்.
"பிரேக்கை அழுத்து. கியரில் போடு. லேசாய் மிதி."
படுத்திருந்த மாடு எழப் பார்ப்பதுபோல்
எஞ்சின் ஒரு பக்கமாய்த் தூக்கியது.
அதைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருந்தது.
இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் எஞ்சின் வலப்பக்கம் சாய,
வயர்க் கற்றை இரும்பில் உரசி உரசி
ஒன்றுக்குத் தோல் போய்விட்டது.
உள்ளே செம்பு, பச்சையேறி,
அவள் டார்ச் வெளிச்சத்தில் நாணல் நுனிபோல்.

"அந்த அரை நொடி
உன் கால் எங்கே இருக்குன்னு வண்டிக்குத் தெரியாது.
தெரியாதப்போ ஒண்ணும் செய்யாம நிக்கும்.
நல்ல பழக்கம்தான்.
என் வீட்டுக்காரருக்கு அது வரலை."

ரப்பர், இரண்டு அங்குல வயர், கொஞ்சம் டேப்.
பில்லின் அடியில் பென்சிலில்:
பழைய சென்சாரில் குறையில்லை, பத்திரமாய் வை.
செவ்வாய்க்கிழமையே குப்பையில் போட்டுவிட்டேன்.

மறுநாள் விடியலில் அதே திருத்தக் கோடு.
எதிரே யாருமில்லை. சூரியகாந்தி இன்னும் முகம் திரும்பவில்லை.
மூன்று வாரப் பழக்கத்தில் கால்
திருப்பத்துக்கு முன்பே மிதித்தது, இரண்டு பங்கு மிதித்தது.
சொன்னதும் கேட்கிற வண்டி சொன்னதைக் கேட்டது.
பின்னால் வார் ஒன்று நழுவி
ஒரு பெட்டி மூடி திறக்கும் சத்தம்.

கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்,
எஞ்சின் அணைத்து, கைகளை மடியில் வைத்து.
கண்ணாடிக்கு வெளியே ஆயிரம் பேர்
யார் மிதித்தது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.