இடது கையுறை

ஒஸ்மோ ஆறடி மூன்றங்குலம்.
நான் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு.
இருவருக்கும் ஒரே பள்ளி வேன்,
ஒரே இருக்கை.
மாலையில் அவன், காலையில் நான்.
இந்தக் குளிர்காலம் முழுக்க
நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் அதன் வழியாகத்தான்:
அவன் பின்னே தள்ளுவான்,
நான் முன்னே இழுப்பேன்.

இவாலோவில் மணி ஆறரை.
டிசம்பரில் இங்கே விடியல் என்பது
கடிகாரத்தின் பேச்சை நம்புவது.
மைனஸ் இருபத்தேழு.
நெம்புகோலைத் தூக்கி, இடுப்பால் உந்தி, முன்னே, இன்னும் முன்னே.
பிரேக்கை அடிவரை மிதித்தாலும்
முழங்காலில் ஒரு மடிப்பு மிச்சமிருக்க வேண்டும்.
கையை நீட்டினால் மணிக்கட்டு
ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும்.
தலைச்சாய்வு கழுத்தோடு நிற்கக் கூடாது,
தலையைத் தாங்க வேண்டும்.
கடைசியாக இருக்கையை ஒருமுறை அசைத்து
தண்டவாளத்தில் பல் விழும் அந்த
'ளக்'
கேட்க வேண்டும்.

எல்லாம் தெரியும் எனக்கு.
புதிதாக வந்த இரண்டு பேருக்குச் சொல்லியும் கொடுத்தேன்.
அந்த வியாழக்கிழமை
அசைத்துப் பார்க்காதவளும் நான்தான்.

ஐந்து பிள்ளைகள்.
மாரெத் தன் பள்ளிப்பையைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.
அதையும் ஓர் ஆளென்று எண்ணி
வேன் கத்தோ கத்தென்று கத்தியது.
பைக்கும் பெல்ட் மாட்டினாள்; அடங்கியது.
எனக்கு நேர் பின்னால் ஆஸ்லக்.
பத்து நாளாக ஒரு கையில்தான் கையுறை,
மறு கை சட்டைப்பையில்.
கேட்டால் ஜன்னலைப் பார்ப்பான்.

சாலைக் கோடு பனிக்கடியில்.
கோட்டைக் காணாத கேமரா
தன் சின்னத்தை அணைத்துக்கொண்டு ஒதுங்கியது.
சற்று நேரத்தில் திரையில் ஒரு காபிக் கோப்பை:
களைத்திருக்கிறாய், ஓய்வெடு.
முதல் வேலையே இதுதானப்பா என்றேன் அதனிடம்.
பிறகு மஞ்சள் எழுத்து:
முன் ரேடார் மூடப்பட்டுள்ளது.
புறப்படும்போது துடைத்ததுதான்.
முன்னால் போன லாரி கிளப்பிய பொடிப்பனி
மறுபடி அப்பிக்கொண்டது.
அடுத்த நிறுத்தத்தில் துடைக்கலாம் என்று நினைத்தேன்.

அடுத்த நிறுத்தத்துக்கு முன்னால்
மூன்று துருவ மான்கள்.

மிதித்தேன்.
பாதத்தின் கீழ் பிரேக் தடதடவென உதைத்தது,
நல்ல உதை, அது வேலை செய்கிறது என்னும் உதை.
நான் அழுத்திய அழுத்தத்துக்கு
இருக்கை பின்னே வழுக்கியது.
ஒஸ்மோவின் அளவுக்குப் போய் நின்றது.
என் கால்
பிரேக்குக்கு ஒரு சாண் தூரத்தில்
காற்றை மிதித்தது.

ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்து
உடம்பை இழுத்து
கட்டைவிரல் நுனியால் தொட்டேன்.
பக்கவாட்டில் விலகிய வேனை
ஏதோ ஒன்று, நானல்ல, நேராக்கியது.
மான்கள் நகரவில்லை. நாங்கள்தான் விலகினோம்.
சாலையோரப் பனிமேடு
மெத்தென்று வாங்கிக்கொண்டது.

ஐந்து பெல்ட்டில் ஐந்து பிள்ளைகள்.
ஆறாவதில் பை.
பெயர் சொல்லிச் சொல்லி எண்ணினேன்,
பையையும் சேர்த்து, இரண்டு முறை.

ஆஸ்லக் குனிந்து
டார்ச்சைக் கேட்டான்.
என் இருக்கைக்கடியில் கைவிட்டுத்
தண்டவாளத்திலிருந்து பிடுங்கினான்:
சிவப்புக் கம்பளி, இடது கை,
கிரீஸ் கறுப்பு, பல் பதிந்த தடம்.
"என்னோடது" என்றான்.
பத்து நாளில் அவன் சொன்ன முதல் வார்த்தை.
திட்டுவேன் என்று நின்றான்.
எனக்குப் பல் கிட்டித்திருந்தது.

அலுவலகப் படிவத்தில்
'காரணம்' என்ற கட்டத்துக்கு இரண்டே வரி இடம்.
கையுறை என்று எழுதினேன்.
அடித்தேன்.
ரேடார் என்று எழுதினேன்.
அடித்தேன்.
மிச்சமிருந்த இடத்தில்
'அசைத்துப் பார்க்கவில்லை' என்பது
ஓரத்தில் ஏறித்தான் முடிந்தது.

வெள்ளிக்கிழமை கதவைத் திறந்தேன்.
இருக்கை முன்னாலேயே இருந்தது.
வண்டியை நிறுத்தி, இறங்கி,
வெளியே நின்று குனிந்து
ஒஸ்மோ தள்ளி வைத்திருக்கிறான்,
என் உயரத்தைக் கண்ணால் அளந்து.
ஒரு பல் அதிகம்.
ஏறும்போது முழங்கால் இடித்தது.
அவனைத் திட்டிக்கொண்டே ஒரு பல் பின்னே தள்ளி
அசைத்தேன்.
அசைத்தேன்.
எஞ்சினை இன்னும் போடவில்லை.
கேட்டது.