தலை வலிக்காத ஆள்

அக்டோபரில் தொடங்கும்.
முதல் பனி விழுந்ததும்
மாவுப் பசை காய்ச்சி
ஜன்னல் இடுக்கெல்லாம் செய்தித்தாள் ஒட்டுவார்கள்.
நரின் ஆற்றின் மேல்கரையில்
காற்றுதான் திருடன்; அவனுக்காகத்தான் கதவடைப்பு.
பத்து நாள் போனால்
என் மருத்துவ நிலையத்து மரப்பெஞ்சில்
தலையைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காருவார்கள்.

புருல்சா வந்தாள், நெற்றியில் இறுகக் கட்டிய சால்வையோடு.
"விடிந்தால் மண்டை பிளக்கிறது, சைக்கால்.
கால் ரெண்டும் பஞ்சு மாதிரி."
ரத்த அழுத்தம் பார்த்தேன்:
நூற்று ஐம்பது, தொண்ணூற்றைந்து.
ஐம்பத்தெட்டு வயது.
உப்புப் போட்ட பால்தேநீர், நாளுக்கு ஏழு கிண்ணம்.
வேறென்ன வேண்டும்?
மாத்திரை எழுதினேன்.
பதில் கையில் கிடைத்துவிட்டால்
கேள்வியை மறுபடி படிக்கத் தோன்றுவதில்லை.

புதன்கிழமை அவள் மருமகள் குல்பர்சின்.
காலையில் குமட்டல், பகலெல்லாம் தூக்கம்.
கணவன் செப்டம்பரில் மாஸ்கோ போனவன்.
மாமியார் தொட்டில் துணியை எடுத்து வெயிலில் போட்டாகிவிட்டதாம்.
சோதனைப் பட்டையில் ஒற்றைக் கோடு.
இமையை இழுத்துப் பார்த்தேன், கொஞ்சம் வெளுப்புதான்.
"ரத்தசோகை" என்று எழுதினேன்.
பொய் எழுதவில்லை நான்.

வெள்ளிக்கிழமை பேரன் அதாய்.
விழித்ததும் வாந்தி,
பன்னிரண்டு மணிக்குப் பள்ளி மைதானத்தில் குதிரைக்குட்டி.
கணக்குப் பரீட்சை எப்போது என்று கேட்டேன்.
அவன் அம்மா சிரித்தாள். நானும்.
அவன் சிரிக்கவில்லை.

மூன்று அட்டைகள். மூன்று இழுப்பறைகள்:
இதயம், பெண்கள், குழந்தைகள்.
இரவில் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வசதியைச்
சுகாதாரத் துறை செய்து தரவில்லை.

பிறகு தோக்தொசுன் வந்தார், புருல்சாவின் கணவர்,
லாடம் அடிக்கையில் நசுங்கிய கட்டைவிரலோடு.
கட்டுப் போட்டபடி, சும்மா ஒரு பேச்சுக்கு,
"உங்களுக்குத் தலை வலிக்கிறதா?" என்றேன்.
"எனக்கெதற்கு வலிக்கிறது?
இலை உதிர்ந்த நாளிலிருந்து நான் குதிரைக் கொட்டிலில் காவல்.
வீட்டில் தூங்கினால்தானே."

கட்டுத்துணி என் கையிலேயே நின்றது.

வீட்டில்
தூங்கினால்தானே.

அன்று மாலையே நடந்து போனேன்.
அடுப்பில் நிலக்கரி செந்தணலாய்க் கிடந்தது.
சூடு வீணாகக் கூடாதென்று
புகைபோக்கித் தகட்டைப் பாதிக்குமேல் மூடியிருந்தாள்
சிக்கனக்காரி.
கூரை ஏறிய தோக்தொசுன்
உள்ளேயிருந்து ஒரு காக்கைக்கூட்டை இழுத்துப் போட்டார்:
சுள்ளி, ஆட்டுமயிர், நீல பிளாஸ்டிக் கயிறு.
"வீட்டுக்குள் புகையே இல்லையே" என்றாள் புருல்சா.
புகைக்கு நாற்றமுண்டு.
கண்ணைக் கரிக்கும், ஆளை எழுப்பிவிடும்.
இது அதனுடைய ஊமைத் தம்பி.
ரத்தத்தில் மூச்சுக்காகப் போட்ட நாற்காலியில்
சொல்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
எளிதில் எழுந்திருக்காது.

ஜன்னல் தாளை ஒரு சாண் அகலம் நானே கிழித்தேன்.
திருடன் உள்ளே வந்தான். வரட்டும்.

ஒரு வாரத்தில் அதாய் காலை ரொட்டி தின்றான்.
புருல்சாவின் தலைவலி போனது.
அழுத்தம் போகவில்லை. நூற்று நாற்பத்தெட்டு.
மாத்திரையை நிறுத்தாதே என்றேன்.
ஒரு காரணம் பிடிபட்டதால்
இன்னொன்று பொய்யாகிவிடாது;
ஒரு நேரத்தில் ஒரு வழக்கைத்தான் எடுப்பேன் என்று
எந்த உடம்பும் சொன்னதில்லை.

ராத்திரி பழைய பெட்டியைத் திறந்தேன்.
போன ஜனவரி. மம்பெத்தாலி, ஒண்டிக்கட்டை, ஆடு மேய்ப்பவர்.
"காரணம்: மாரடைப்பு." என் கையெழுத்து.
கன்னம் இரண்டும் சிறுபிள்ளைக்குப் போலச் சிவந்திருந்தன;
குளிர் என்று நினைத்தேன்.
குளிராகவும் இருக்கலாம்.
இனித் தெரியப்போவதில்லை.
ஜன்னலில் தாள் புதிதாக ஒட்டியிருந்தது மட்டும்
இப்போது நினைவுக்கு வருகிறது.

ஒவ்வோர் அட்டையின் மேல்மூலையிலும்
பென்சிலால் ஒரு வரி எழுதிக்கொண்டிருக்கிறேன்:
இந்த வீட்டில் யாருக்கு வலிக்கவில்லை?

முனை மழுங்கிவிட்டது.
இன்னும் நாற்பது அட்டை பாக்கி.