இருபதுக்கு முப்பது

வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை.
சாயங்காலம் ஆர்டர் வந்தது:
இருபதுக்கு முப்பது, மூன்று தலைமுறை,
பின்னால் ஒரு ஏவுகணை.
“பெருசா இருக்கணும் மக்கா, தீ கக்கணும்”
என்றார் ஒன்றியம் கொம்பையா,
முன்பணம் தராமல்.

தாத்தா பொன்னுலிங்கத்துக்கு
அந்தக் காலத்தில் முகமே கிடையாது.
மஞ்சள் தாள், அச்சுக்கோத்த நோட்டீஸ்,
மணிமுத்தாறு நாலாவது ரீச்சுக்குத் தண்ணீர்
என்று ஒரே வரி.
இந்தப் படம் ஏதோ அடையாள அட்டையில் பிடுங்கியது.
ரப்பர் முத்திரையின் பாதி காதில் ஒட்டியிருக்கிறது.
பதினாறு வருஷமாக நான் அதை அழிக்கவில்லை.

மகன் பொ. தவசிமுத்து.
தேர்தலுக்குத் தேர்தல் மீசையில் கறுப்பு ஏற்றியது நான்தான்.
பேரன் த. அகிலேஷ்,
வெளிநாட்டில் படிப்பு, வெளியுறவுக் குழுவில் உறுப்பினர்.
தலைப்பெழுத்து அவருக்குப் போயிற்று.
தலையெழுத்து என்று ஒன்று மிச்சம் இருந்ததே,
அதை யார் பேரில் எழுதினார்கள் என்று கேட்காதீர்கள்.

வடக்கே, மலைக்கு அப்பால் ஒரு நாட்டில்
ஆட்சி கவிழ்ந்து பதினோரு நாள்.
குண்டின் சாவி யாரிடம் என்று தெரியவில்லையாம்.
தளபதியிடம் என்கிறது ஒரு சேனல்,
பழைய அதிபரின் மருமகனிடம் என்கிறது இன்னொன்று.
நேற்று நாங்குநேரியில் அகிலேஷ் முழங்கிவிட்டார்:
“நாட்டைக் குடும்பச் சொத்தாக வைத்திருப்பவர்களோடு
பேச்சு என்ன பேச்சு?”
மேடையில் அப்பா கைதட்டினார்.
கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை, நானும்தான்.
மைக் செட்டுக்காரன் மட்டும் இருமினான்.

நெட்டில் தேடி ஒரு ஏவுகணை எடுத்தேன்.
லாரி மேல் படுத்திருந்தது, நல்ல தெளிவு.
பெரிதாக்கினால் வாலில் அவர்கள் கொடி.
சரி, அழித்துவிட்டு நம்முடையதை ஒட்டலாம் என்று
இன்னும் பெரிதாக்கினேன்.
லாரிக்குப் பின்னால் சுவர் உயரத்துக்கு ஒரு பேனர்:
தாத்தா, அப்பா, மகன்.
தாத்தாவின் காதோரம் எதையோ
சரியாக அழிக்காமல் விட்டிருந்தது.
ஏல, நீயுமா என்றேன் திரையைப் பார்த்து.
அங்கேயும் ஒருத்தனுக்கு டீ ஆறியிருக்கும்.

எட்டு மணிக்கு உவரி ஜெபிஷா வந்தாள்.
பிள்ளைக்கு முதல் பிறந்தநாள், நாலுக்கு மூன்று போதும்.
“அவுக படம்?”
“யூனிபாரம் போட்ட படம் போடக்கூடாதாம்ணே.
கடலுக்கு அடியில இருக்காவ. எந்தக் கடல்னு எனக்கே தெரியாது.”
கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டினேன்.
மாலையும் கூடவே வந்தது.
“மாலைய எடுத்துருங்க” என்றாள், சட்டென்று.
எடுத்தேன்.
ஒரு தோள் கொஞ்சம் கோணிக்கொண்டது.

மொட்டைமாடி ஏறினால்
விஜயநாராயணம் கோபுரங்களின் சிவப்பு விளக்கு தெரியும்.
அங்கே சொன்னால் கடலுக்கடியில் கேட்குமாம்.
கீழே இருந்து பதில் சொல்லத்தான் வழி இல்லை என்பார்கள்.
ஓட்டுச்சாவடி வரிசையில் நிற்கும்போது
எனக்கு அந்த விளக்கு ஞாபகம் வரும், ஏனோ.

ஆனிக் காற்று.
ஏற்றும் முன்னால் பேனரை
பிளேடால் அங்கங்கே கீறிவிட வேண்டும்.
இல்லையென்றால் கம்போடு பறந்து
பைக்கில் போகிறவன் மேல் விழும்.
முகத்தில் கீறக்கூடாது என்பது தொழில் விதி.
மூன்று முகமும் போக
ஏவுகணைதான் மிச்சம் இருந்தது.
ஏழு கீறல்.
காற்று அதன் வயிற்றுக்குள் போய்ப் போய் வந்தது.

ஜெபிஷா கணக்கு முடித்துவிட்டாள், சில்லறை உட்பட.
கொம்பையா கூட்டம் முடியட்டும் என்கிறார்.

பேனர் நிற்கிற இடம்
நாலாவது ரீச்சுக் கால்வாய்க்குள்ளேயே.
கரையில் நட்டால் ரோட்டுக்குத் தெரியாது என்றார்கள்.
குழி தோண்ட இரண்டு பேர் இறங்கினார்கள்.
மண் இறுகிக் கிடந்தது.
கடப்பாறை மூன்று தடவை தெறித்தது.