வாசித்தவள்

பன்னிரண்டு வருடம் நான்தான் வாசித்தேன்.
ஆராதனை முடிந்து, பாடகர் குழு உட்கார்ந்த பிறகு
மைக்கை என் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு
முதலில் குடும்பப் பெயர், பிறகு தொகை.
சபோலு குடும்பம். இருநூறு டாலர்.
ஃபுய்மாவோனோ குடும்பம். நூற்றெண்பது.

பெயருக்கும் தொகைக்கும் நடுவே
ஒரு மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தவர் போதகர்.
அந்த ஒரு மூச்சில்தான்
வெள்ளைத் தொப்பிகள் மெல்லத் திரும்பும்.

பொரிருவாவில் எங்கள் கோயில்
முன்பு கம்பளக் கிடங்காக இருந்தது.
மழைக்காலத்தில் இன்னும் கம்பள நாற்றம் வரும்.
சமோவாவிலிருந்து வந்தவர்கள் நாங்கள்,
பாதிப்பேர் இரவில் அலுவலகங்களைத் துடைப்பவர்கள்.
இங்கே தெற்கிலிருந்து வருவதைத்
தென்றல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.
பனிப்பாறையைத் தொட்டுவிட்டு நேராக வந்து
எலும்பில் உட்காரும்.
அந்த வருடக் காணிக்கை
போதகர் வீட்டுக்கு வெப்பமூட்டி வாங்க.

சியெனி ஆஸ்பத்திரியில் தரை துடைத்தாள்.
சிறுநீரகம் போனதும்
தான் துடைத்த அதே மூன்றாம் மாடியில்
வாரம் மூன்று நாள் படுத்துக்கிடந்தாள்.
ஒரு சனிக்கிழமை, அடுப்படியில் சேம்பு உரிக்கும்போது
தலை நிமிராமல் கேட்டாள்:
"இந்த மாதம் என் பெயரைத் தாண்டிப் போயேன்."

போதகரிடம் போனேன்.
அவர் கோபப்படவில்லை. தேநீர் ஊற்றித் தந்தார்.
"ஒருத்தியைத் தாண்டினால்
நாளைக்கு எல்லோரும் தாண்டச் சொல்வார்கள். வாசி."
அந்த அறை கதகதப்பாக இருந்தது.
அதை நான் கவனித்தேன். கவனித்துக்கொண்டே
சரி என்றேன்.

சியெனி குடும்பம்.
மூச்சு.
இல்லை.

பதினான்கு ஞாயிறு.
"இல்லை" என்ற சொல்லை
எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று
வீட்டில் பழகிப் பார்த்தேன். மெதுவாக, தாழ்வாக,
இருமலோடு சேர்த்து.
மைக் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டது.

பதினான்காவது ஞாயிறு
அவள் மகன் மிகாயேலே, எட்டு வயது,
மூன்றாம் வரிசையில் இருந்து
என்னோடு சேர்ந்தே உதடசைத்தான்.
சங்கீதம் ஒப்பிப்பவன் போல.
அதன் பிறகு அவர்கள் வரவில்லை.
போய்ப் பார்க்க யாரையும் அனுப்பவில்லை சபை.
பட்டியலில் ஒரு வரி குறைந்தது, அவ்வளவுதான்.
தாளில் இடம் மிச்சம்.

நான் போனேன். ஒரு மாதம் கழித்துத்தான்.
கோகோ சோறு ஒரு சட்டியில்.
வீட்டுச் சுவரில் பூசணம் ஆளுயரத்துக்கு ஏறியிருந்தது.
சட்டியை வாங்கிக்கொண்டாள்.
உட்காரச் சொல்லவில்லை.
திட்டுவாள் என்று நினைத்திருந்தேன்,
திட்டியிருந்தால் அழுதுவிட்டு வந்திருப்பேன்.
கேட்டது இவ்வளவுதான்:

"வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தாய்.
அந்த மூச்சை ஏன் விட்டாய்?
என் பெயருக்கு மட்டுமாவது
விடாமல் சொல்லியிருக்கலாமே."

சட்டி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.

பட்டியலை மூப்பரிடம் திருப்பிக் கொடுத்தபோது
தொண்டை சரியில்லை என்றேன்.
பொய்தான்.
இஞ்சி போட்டுக் குடி என்றார், அன்பாக.
அந்த அன்பையும் என்ன செய்வதென்று தெரியவில்லை.
என் அம்மாவைப் புதைத்த அன்று
தோளில் சுமந்தவர்கள் இதே ஆட்கள்.

இப்போது ஞாயிறுகளில் வண்டி நிறுத்துமிடம் வரை வருகிறேன்.
கண்ணாடியில் மழை. எஞ்சினை அணைப்பதில்லை.
தகரச் சுவரைத் தாண்டி வாயோலாவின் குரல் கேட்கிறது,
பத்தொன்பது வயது, புதிதாக வாசிக்கிறாள்.
பெயரும் தொகையும்
ஒன்றின்மேல் ஒன்று விழ
ஓட்டமாக ஓடுகிறாள்.

அவளுக்கு இன்னும் மூச்சு விடத் தெரியவில்லை.
இந்த வாரமோ அடுத்த வாரமோ
தேநீர் ஊற்றிக்கொடுத்து
யாராவது சொல்லித்தருவார்கள்.