கடைசி மூன்று அங்குலம்

பலகை முழுக்க வழவழவென்று வந்துவிட்டு
கடைசி மூன்று அங்குலத்தில் குழி விழும்.
எங்கள் டிரம் சாண்டரின் குணம் அது.
அதைச் சொல்லிக் குற்றமில்லை,
பூமியின் குணம்.
ஐந்தடி வேங்கை (இந்த ஊரில் ஹொன்னே)
உருளையைத் தாண்டி வெளியே நீளும்போது
தலை கனத்துத் தாழும்,
வால் எம்பும்,
எம்பிய வாலை உருளை கடித்துவிடும்.

நகக்கண் ஆழம்கூட இல்லை.
ஆனால் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில்
சாப்பாட்டு மேசை வாங்குகிறவர்கள்
பில்லைப் பார்க்கும் முன்
விளிம்பைத்தான் தடவிப் பார்க்கிறார்கள்.

இத்தனை நாள் அந்தத் தலையைத் தாங்கியவை
ஜுலைகாவின் கைகள்.
இந்தப் பக்கம் நான் தள்ளுவேன்,
அந்தப் பக்கம் அவள் வாங்குவாள்.
காமாட்சிபாளையாவில் ஒரு தகரக் கொட்டகை,
இரண்டு பேர் பெயரிலும் வாடகைப் பத்திரம்,
நடுவில் ஒன்றரைக் குதிரைத்திறன் இரைச்சல்.
காதடைப்பான் மாட்டிக்கொண்டு
புருவத்தாலேயே பேசிப் பழகியவர்கள்.

பிறகு அந்த முன்பணம்.
என்னைக் கேட்காமல் திருப்பிக் கொடுத்தாள்.
கேட்காமல் வாங்கியவள் நீதானே என்றாள்.
அது உண்மை என்பதால்
எனக்குக் கோபம் கூடுதலாக வந்தது.

ஒன்பது நாள்.
மிஷின் நின்ற பிறகும்
காதடைப்பானைக் கழற்றாமல் டிபன் சாப்பிட்டோம்.
அவள் கைகள் ஒரு நொடி தாமதமாக வந்தன.
ஒரு நொடி போதும்.
நான்கு பலகை, நான்கு வால்,
நான்கிலும் அதே கடி.

ராத்திரி உட்கார்ந்து ஆர்டர் போட்டேன்.
உள்வாய்க்கு ஒன்று, வெளிவாய்க்கு ஒன்று,
இரும்பில் தாங்கு மேசைகள்,
வேண்டாதபோது மடக்கிவிடலாம்.
படத்தில் ஒருவன்
தனியாக நின்று பலகை விட்டுக்கொண்டிருந்தான்,
சிரித்தபடி.
அந்தச் சிரிப்புக்குத்தான் காசு கொடுத்தேன்.

பெட்டி வந்தது.
போல்ட்டு பதினாறு என்று எழுதியிருந்தது,
பதினைந்து இருந்தது.
மாட்டுவது எளிது. மட்டம் பார்ப்பதுதான்…
நேர்க்கோலைக் குறுக்கே வைத்து
ஒருவர் அமுக்கிப் பிடிக்க வேண்டும்.
அடியில் ஒளி கசிகிறதா என்று குனிந்து பார்த்து
இன்னொருவர் நட்டைத் திருக வேண்டும்.
படத்தில் சிரித்தவனுக்கு எத்தனை கைகளோ.

முதல் தடவை நேர்க்கோல் விழுந்தது.
இரண்டாம் தடவை என் காலில் விழுந்தது.
மூன்றாம் தடவை விழவில்லை.
மறுமுனையில்
மருதாணி வெளிறிய இரண்டு விரல்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
டார்ச்சை வாயில் கவ்வியிருந்தாள்,
சொல்லவும் முடியாது.
மேசையின் வெளிநுனி
ஓர் அட்டை கனம் எழும்பி நிற்க வேண்டும்.
அட்டைக்கு அவள் எடுத்துக் கொடுத்தது
அந்த முன்பணக்காரரின் விசிட்டிங் கார்டு.
கச்சிதமாக இருந்தது.
நான் சிரிக்கவில்லை. சிரித்தால்
ஒன்பது நாளும் வீண்.

பலகையின் மேல் பென்சிலால்
கோணல்மாணலாகக் கிறுக்கி அனுப்புவது வழக்கம்.
கிறுக்கல் எங்கே மிஞ்சுகிறதோ அங்கே பள்ளம்.
அன்று கிறுக்கவில்லை, எழுதினேன்.
ஒரே வரி.
என்ன வரி என்று இப்போது கேட்டால்
தூசிப் பையைத்தான் பிரிக்க வேண்டும்.

பலகை வெளியே வந்தது.
அவள் கைகள் பழக்கத்தில் நீண்டு
வேலையற்று அந்தரத்தில் நின்றன.
மேசை வாங்கிக்கொண்டது.
வால் எம்பவில்லை.
கடைசி மூன்று அங்குலமும்
மற்ற அங்குலங்களைப் போலவே இருந்தன.

நடுவே, பார்த்தால் தெரியாத ஒரு பள்ளத்தில்
மிஞ்சிக் கிடந்தன
ஒரு கொம்பு, ஒரு துணைக்கால்,
மேலே ஒரு புள்ளி.
கன்னட மீடியத்தில் படித்தவள்,
முழுத் தமிழையே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள்.
கட்டைவிரலால் தடவிக்கொண்டே
வெகுநேரம் நின்றாள்.

பிறகு காதடைப்பானைக் கழற்றி
கழுத்தில் தொங்கவிட்டு,

"இன்னும் கால் சுத்து இறக்கு" என்றாள்.