கயிறு தீருமட்டும்

தக்கலை பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
ஜெராக்ஸ் கடை மாடியில் என் அலுவலகம்.
ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பக்கம் நூற்றிருபது,
தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு நூற்றைம்பது.
வெளியே போவதற்குத்தானே எப்போதும் செலவு கூட.

சனிக்கிழமை, மழை.
குறும்பனையிலிருந்து இரண்டு பேர்.
எமரன்சியா கடிதத்தை
மீன்வாடை படாத பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தாள்.
வென்சஸ்லாஸ் வலதுகையை
பேண்ட் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

இழுவைக்கப்பல் கம்பெனி எழுதியிருந்தது.
நான்கு பத்தி மரியாதை. ஐந்தாவதில்:
உங்கள் நஷ்டஈட்டுக் கோரிக்கையை எதிர்த்து
கசப்பான முடிவு வரை போராடுவோம்.
அப்படித்தான் வாசித்தேன்.
சொல்லுக்குச் சொல் சரி.

"யாருக்குக் கசப்பு?" என்றாள் எமரன்சியா.
"அவியளுக்கா, நமக்கா?"
அகராதி அதைச் சொல்லாது என்றேன்.

அதுவரை மழையைப் பார்த்திருந்தவர் திரும்பினார்.
"கசப்பில்ல மேடம். பிட்டு."
தின்கிற புட்டா என்று கேட்டுவிட்டேன், பசி நேரம்.
பரீட்சைக்கு மடித்துக் கொண்டுபோகும் பிட்டுமல்ல.
கப்பலின் மேல்தட்டில் ஊன்றிய குத்தி.
நங்கூரக் கயிற்றின் ஒரு நுனி கடலுக்குள்,
மறு நுனி அந்தக் குத்தியில்.
"அந்தக் கடைசிக்குத்தான் அந்தப் பேரு.
அது வெளிய வந்துட்டா
குடுக்கதுக்கு இனி கயிறு இல்லண்ணு அர்த்தம்."

நம்பாமல் செல்போனில் தேடினேன்.
பாய்மரக் காலத்து மாலுமிகளின் பேச்சு, ஆமாம்
என்றது ஓர் இடம்.
பழைய வசனமொன்றின் எட்டிக் கசப்பாகவும் இருக்கலாம்
என்றது இன்னோர் இடம்.
அடிவரைக்கும் யாருக்கும் கயிறு எட்டவில்லை.

அவர் நிறுத்தவில்லை.
அந்த நுனி எப்போதும் புதுசாக இருக்குமாம்,
உப்பு படாததால்.
மற்றதெல்லாம் நரைத்துப் பிரிந்து கிடக்க
கடைசி நாலு பாகம் மட்டும் மஞ்சள் மாறாமல்.
"மஞ்சளு கண்டா கையை எடுக்கணும்.
கண்டேன். எடுத்திட்டேன்னு நினைச்சேன்."

அப்போதுதான் வெளியே வந்தது கை.
பெருவிரல், சுண்டுவிரல், நடுவில் ஒன்று.

பழைய வரியை அழித்துவிட்டு
'கயிறு தீருமட்டும்' என்று தட்டினேன்.
வக்கீலுக்குப் புரியாது.
அடிக்குறிப்பு போட்டால் கோர்ட்டில் கேள்வி வரும்.
போட்டேன்.

"பதில் எழுதணும்" என்றாள் எமரன்சியா.
"நாங்களும் ஒரு கை பாக்கோம்ணு எழுதுங்க."
சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது.
கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் சுற்றியது.

வென்சஸ்லாஸ் மூன்று விரலையும் விரித்து
முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.
தோள் குலுங்கியது.
அழுகிறாரென்று எழுந்துவிட்டேன்.
சிரிப்பு.
"இருக்கது போதும் மேடம். எழுதுங்க."

எழுத வேண்டுமே, ஆங்கிலத்தில்.
ஒரு கையைப் பார்க்கிறோம் என்றால்
எங்கோ கண்ணாடிக் கட்டடத்தில் ஒருவன்
ரேகை பார்க்கிறவர்கள் என்று நினைப்பான்.
போராடுவோம் என்று எழுதினால்
அவன் எழுதியதையே அவனுக்கு அனுப்பினாற்போல.
தட்டினேன், அழித்தேன்,
திரும்பத் தட்டினேன்.

மழை விட்டது.
நாலரை பஸ்ஸுக்கு எழுந்தவர்கள்
திங்கட்கிழமை வருகிறோம் என்றார்கள்.
"எவ்வளவு ஆகும்?"

பலகையில் பக்கத்துக்குத்தான் விலை போட்டிருக்கிறேன்.
ஒரே ஒரு வரிக்கு
எதுவும் போடவில்லை.